அப்பாவின் வேட்டி மூடுபனியான மாலை

விரலால் நிமிண்டினால் தும்பு தும்பாகப் பிரிந்து வரும் அந்த மரப்பட்டை. மூக்கருகே கொண்டுபோனால் நெடுநாள் திறக்காத அலுமாரியின் மணம் வரும். எங்கள் வகுப்பாசிரியை மிஸ் ஹேலி அதை ஒரு பழைய கம்பளித் துண்டில் சுற்றித் தன் மேசை "லாச்சி"க்குள் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், யன்னல் கண்ணாடியில் உறைபனி பூப்பூவாகப் பிடித்திருந்த ஒரு காலையில் அவர் அதை வெளியே எடுத்து வகுப்பு முழுக்கக் கைமாற விட்டு, இது எதைப் போல இருக்கிறது என்று கேட்டார். ஒருவன் நாய் மயிர் என்றான், இன்னொருத்தி பழைய கம்பளம் என்றாள். என்னிடம் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை, தேங்காய் மட்டை என்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் தேங்காயை மட்டை உரித்த பிறகு கடையில் மட்டும் கண்டவர்கள். ஆகவே தும்பு என்றால் என்ன, அதில் எப்படிக் கயிறு திரிப்பார்கள் என்றெல்லாம் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். எங்கள் நாட்டிலிருந்து வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. என் ஆங்கிலம் எங்கள் தமிழின் வேகத்தில் ஓடும். பாதிப் பேர் விளங்காமல் "வட்?" என்று கேட்க நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. மிஸ் ஹேலிக்கு மட்டும் முதல் முறையிலேயே விளங்கியது. இவ்வளவு காலம் இதைக் கையில் வைத்திருக்கிறேன், எனக்கு இந்த ஒப்புமை தோன்றவில்லையே என்று அவர் சொன்னார். அன்றைக்கே நான் அவருக்கு அடிமையாகிப் போனேன்.

அந்தப் பட்டை ரெட்வுட் மரத்தினுடையது. மிஸ் ஹேலி கலிபோர்னியாவின் வடக்குக் கரையில், அந்த மரங்களுக்கு நடுவே ஒரு மர ஆலை ஊரில் பிறந்தவர். அவருடைய தகப்பன் அந்த ஆலையில் மரம் அறுத்தவர். அதை அவர் ஒளிக்கவில்லை. "என் அப்பா அறுத்த மரத்தில்தான் எனக்குச் சோறு வந்தது" என்கிற பொருளில் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாடத்திட்டத்தில் ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டிய "காடுகள்" என்ற பாடத்தை அவர் பனி கரைந்து புல் தலைகாட்டும் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

எப்படிப் படிப்பித்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்தவள் ஆகமாட்டேன். மரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கு ஒரு பெரிய கயிற்றுச் சுருளோடு எங்களை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். கயிற்றின் ஒரு முனையைப் பள்ளிக்கூடச் சுவரில் கட்டிவிட்டுப் பனிக்குள் கால் புதையப் புதைய இழுத்துக்கொண்டு நடந்தோம். திடல் முடிந்து வேலியும் வந்துவிட்டது, அவர் கையில் இன்னும் சுருள் இருந்தது. மிச்ச மரம் வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அடிமரத்தின் பருமனைக் காட்ட எங்களையெல்லாம் கைகோத்து வட்டமாக நிற்கச் சொன்னார். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு மரமாக நின்றோம். அந்தக் கரையில் கோடையில் மழை இல்லை, கடலிலிருந்து வரும் மூடுபனியை இலையால் பிடித்துக் குடித்துத்தான் மரம் கோடையைக் கடக்கிறது என்றார். தீ வந்தால் பட்டைதான் கருகும், உள்ளே மரம் தப்பிவிடும் என்றார். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, வேர்கள் மேலாக ஓடிப் பக்கத்து மரத்து வேர்களைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் புயலில் விழாமல் நிற்கின்றன என்றும் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் மனப்பாடம் செய்தேன்.

காட்டைப் பற்றிய பாடம் மெல்ல மனிதர்களைப் பற்றிய பாடமாக மாறியது. விழுந்த மரத்தில் பலகை பிளந்து வீடு கட்டியும், அடிமரத்தைக் குடைந்து வள்ளம் செய்தும் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றிச் சொன்னார். பிறகு தங்கம் தேடி வந்தவர்கள். தங்கம் கிடைக்காதவர்கள் கண் மரத்தில் விழுந்தது. அடிமரத்தில் வெட்டிய பிளவுக்குள் ஆட்கள் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும் படங்களைப் படம் காட்டும் கருவியால் திரையில் காட்டினார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் கையை உயர்த்தி, அப்படியென்றால் முதலில் இருந்த சனங்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவர் விளக்கைப் போட்டார். துரத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள் என்றார். "அப்படியென்றால் அவர்கள் தங்கள் சொந்தக் காட்டிலேயே அகதிகள்" என்றேன். எனக்கு அது பெரிய ஞானமான பேச்சு ஒன்றுமில்லை. அகதி என்ற சொல் எங்கள் வீட்டில் சீனி, தேயிலை மாதிரிப் புழங்கிய சொல்.

வசந்தத்தில் பள்ளிக்கூட நடைபாதை முழுவதையும் நாங்கள் கடதாசியால் காடாக்கப் போவதாகவும், ஒரு மாலை பெற்றோர்களை அழைத்துக் காட்டப் போவதாகவும் மிஸ் ஹேலி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால், அந்தக் காட்டுக்குள் பெற்றோரை வழிநடத்திக்கொண்டு போவது நீதான், வேறு ஒருவருமில்லை என்றார். வழிகாட்டிக்கென்று ஒரு பச்சைத் தொப்பியும் இருந்தது. அதை அப்போதே எடுத்து என் தலையில் வைத்து, அளவு சரி என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் இருந்தது ஒரு பழைய அடுக்குமாடியில். அப்பாவுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் இரவு வேலை. நான் பள்ளிக்குப் போகும்போது அவர் நித்திரை, நான் நித்திரைக்குப் போகும்போது அவர் வேலை. பின்னேரம் நான் வந்து அவர் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அந்த இடைவெளியில், "படிச்சியா?" "ஓம்" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. அந்த வருடம் காடு வந்தது. எங்கள் மாடியின் நீண்ட நடைபாதையையே நான் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டேன். மின்தூக்கி வாசல் கடற்கரை, பூட்டிய கதவுகளெல்லாம் மரங்கள், கடைசிக் கதவு யோகன் மாமாவுடையது, ஆகவே அதுதான் காட்டின் மிக மூத்த மரம், வயது இரண்டாயிரம் வருடம். நண்டுக்கறி மணக்கும் காட்டுக்குள் கோப்பையும் கையுமாக அப்பா என் பின்னால் நடந்து வருவார். முதலில் ஆங்கிலத்தில் சொல்வேன், பிறகு அவருக்காகத் தமிழில் சொல்வேன்.

"ரெண்டாயிரம் வரியமோ? விசர்க் கதை கதையாதை" என்பார் அப்பா. அடுத்த நாள் அவரே, "பிள்ளை, அந்தப் பனியைக் குடிக்கிற கதையை இன்னொருக்காச் சொல்லு" என்பார். வேலைத்தலத்தில் கூட நிற்பவர்களுக்கு அவர் இந்தக் கதைகளைச் சொல்கிறார் என்று அம்மா ஒரு நாள் சிரித்தபடி சொன்னா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது, அதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்!

விழாவுக்கு அப்பா லீவு எடுத்தார். அவர் லீவு எடுத்து நான் கண்டது அதற்கு முன் இல்லை. கடைசிக் கதவு யோகன் மாமா அக்காலத்து ரொறன்ரோ தமிழ் விழாக்களில் மேடையேறாத நாளில்லை. சங்கம் வைத்தாலும் கோயில் வைத்தாலும் அவருக்கு ஒரு பொன்னாடை விழும். விழுந்த பொன்னாடைகளை மடிப்புக் கலையாமல் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்து, அடுத்தவர் விழாவுக்குக் கொடுத்துதவுவார். எங்கள் ஆட்களுக்குள் ஒரே பொன்னாடை ஊரைச் சுற்றி வந்து முதல் போட்டவர் தோளிலேயே விழுந்த கதையும் உண்டு. அவர்தான் அப்பாவிடம், "பிள்ளையை முன்னுக்கு விட்ட ரீச்சர். வெறுங்கையோடை போறதே? உந்த நாட்டாக்களுக்கு மரியாதை செய்யத் தெரியாது, நாங்கள் செய்து காட்டுவம்" என்று சொல்லி, சரிகை போட்ட மாம்பழ நிறப் பொன்னாடை ஒன்றைப் பொலித்தீன் உறையோடு எடுத்துக் கொடுத்தார்.

மூடுபனிக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பெல்லாம் பூப்போட்டது. அம்மா பெட்டியைத் திறந்து, அப்பா கலியாண வீடுகளுக்குக் கட்டும் எட்டு முழ வேட்டியைத் தந்து, "கரையை மடிச்சுப் பிடிச்சால் தெரியாது. ஊத்தையாக்காமல் கொண்டு வா" என்றா.

விழாவுக்கு முதல் நாள், நான் வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த காலையில், மிஸ் ஹேலி என்னைக் குளிர்கோட்டுகள் மாட்டுகிற மூலைக்குக் கூப்பிட்டார். குனிந்து என் உயரத்துக்கு வந்து, மெல்லிய குரலில் பேசினார். உனக்குத் தெரிந்த அளவு இந்தக் காடு வேறு ஒருவருக்கும் தெரியாது என்றார். ஆனால் நாளைக்கு வருகிற பெற்றோர்கள் முதல் தடவையாகக் கேட்கப் போகிறார்கள், எல்லாம் அவர்களுக்கு உடனேயே விளங்க வேண்டும், ஆகவே எங்கள் வகுப்புக் கிறிஸ்டி வழிகாட்டட்டும் என்றார். நீ மூடுபனி, அதுவும் மிக முக்கியம் என்றார். கடைசியாக, கிறிஸ்டிக்குச் சில இடங்கள் தடுமாறுகிறதாம், மத்தியான இடைவேளையில் நீயே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. நான் தேங்காய் மட்டை என்று சொன்ன நாளில் முதல் முறையிலேயே விளங்கிக்கொண்ட ஒரே ஆள் இவர்தானே என்று நினைத்தேன். மற்றவர்கள் "வட்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் இவர் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பச் சொன்னேன். இவருக்கு என் பேச்சு விளங்கியது என்பதை நம்பி நான் முழுக் காட்டையும் கட்டியிருந்தேன். அது தெரிந்திருந்தும் அவர் அன்பான குரலில், என் தோளில் கையை வைத்துக்கொண்டே இதைச் செய்தார். சத்தம் போட்டுத் துரத்தியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. நான் ஓம் என்று தலையாட்டினேன். மத்தியானம் கிறிஸ்டிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் நல்ல பிள்ளை, அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஏற்கெனவே லீவு எடுத்துவிட்டார், விழாவுக்குப் போடும் சேட்டையும் இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டார்.

மறுநாள் மாலை நடைபாதை நிஜமாகவே காடாக இருந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் கபிலக் கடதாசி மரங்கள், கால்மாட்டில் பச்சைப் பன்னச் செடிகள், விளக்குகளெல்லாம் மங்கல். கடைசி மரத்தடியில் நானும் ஒரு பையனும் வேட்டியின் இரண்டு பக்கத்தையும் தலைக்கு மேலே பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றோம். பச்சைத் தொப்பி போட்ட கிறிஸ்டி பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு மரம் மரமாக வந்தாள். கையில் சின்ன அட்டைகள். அட்டைகளில் இருந்ததெல்லாம் நான் வகுப்பில் சொன்ன வசனங்கள். மிஸ் ஹேலி ஒன்றையும் தவறவிடாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அவர்கள் தங்கள் சொந்தக் காட்டிலேயே அகதிகள் ஆனார்கள்" என்று கிறிஸ்டி தெளிவாக, நிறுத்தி, அழகாக வாசித்தாள். பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த வசனம் அவள் வாயிலிருந்து வந்தபோது நான் ஆட்ட மறந்து வேட்டி தாழ்ந்து மற்றப் பையனின் மூக்கில் உரசியது.

கூட்டத்தின் கடைசியில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் என்னைத் தேடிக்கொண்டு வந்ததை நான் துணியின் கீழால் பார்த்தேன். கிட்ட வந்ததும் அவர் கண் முதலில் துணியில்தான் போனது.

"இஞ்சை பார், என்ரை வேட்டியெல்லோ!" என்று அம்மாவிடம் உரத்துச் சொல்லிச் சிரித்தார். பிறகுதான் என்னைக் கண்டார். சிரிப்புக் குறைந்தது. "ஏன் பிள்ளை, நீயல்லோ கதைச்சுக் கூட்டிக்கொண்டு போற ஆள்?"

"மாத்திப் போட்டினம் அப்பா."

"ஏன்?"

என்னத்தைச் சொல்வது? "பனி இல்லாட்டி மரமே இல்லையப்பா" என்றேன்.

அப்பா என்னையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு அம்மாவின் பக்கம் திரும்பி, "கேட்டனியே? முழுக் காட்டுக்கும் தண்ணி குடுக்கிறது இவள்தான்" என்றார். சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் குரலை அடக்கியிருக்கமாட்டார்.

பள்ளிக்கூட அதிபர் இரண்டு வார்த்தை பேசி எல்லோரும் கைதட்டி ஓய்ந்த நேரத்தில் அப்பா முன்னுக்கு நடந்தார். பொலித்தீன் உறையைக் கிழித்து அம்மாவின் கையில் கொடுத்தார். மாம்பழ நிறம் அந்த மங்கலான காட்டுக்குள் பளீரென்று விரிந்தது. மிஸ் ஹேலி என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஓர் அடி பின்வாங்கினார். அப்பா யோகன் மாமா காட்டிக்கொடுத்தபடி, கையைச் சுழற்றிப் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தி, கைகூப்பினார். அம்மாவும் கைகூப்பினா. என்னைக் குளிர்கோட்டு மூலையில் வைத்து வெட்டிய ஆளுக்கு என் தகப்பன் எல்லோருக்கும் முன்னால் மரியாதை செய்ததைத் தலைக்கு மேலே அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். அதைப் போல ஒரு வெட்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

அதோடு முடியவில்லை. அப்பா பேசத் தொடங்கினார், தமிழில். ஒரு வசனம் பேசியதும் தேடி, "பிள்ளை, இஞ்சை வா. இதை இவைக்கு இங்கிலிசிலை சொல்லு" என்றார். வேட்டியைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தேன்.

"நான் இரவு வேலைக்குப் போற ஆள். பிள்ளையோடை இருந்து கதைக்க எனக்கு நேரம் கிடைக்கிறேல்லை. கிடைச்சாலும் என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியாது. இந்த ரீச்சற்றை காட்டுப் பாடத்தாலை பிள்ளை பின்னேரம் பின்னேரமா என்னோடை கதைச்சவள். அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தனாங்கள்."

நான் சொன்னேன். வேகமாகத்தான் சொல்லியிருப்பேன், எங்கள் தமிழின் ஓட்டத்தில். எழுதிக் கொடுத்த அட்டை கிடையாது. ஒரு தகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிறிஸ்டியின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒருவரும் "வட்?" என்று கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது.

நான் மிஸ் ஹேலியை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் அது விளங்கியது, நான் ஏன் பார்க்கிறேன் என்பதும் விளங்கியது. முகம் சிவந்து, பொன்னாடையின் சரிகையை விரலால் நெருடிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளைதான் இந்தக் காட்டைச் சொல்ல வேண்டியவள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கலாம், அதற்கு நேரமும் இருந்தது, ஆட்களும் நின்றார்கள். அவர் குனிந்து, "அழகாகச் சொன்னாய்" என்று என் காதுக்குள் மட்டும் சொன்னார். காதுக்குள் சொன்னதற்காகத்தான் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, செய்தி வாசிப்பவர்கள் சொல்வதை அவர்களைப் போலவே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். உயர்பள்ளிக்குப் போகும்போது என்னிடம் "வட்?" என்று கேட்க ஆளில்லை. பின்னேரங்களில் அப்பா கோப்பையோடு நடைபாதைக்கு வந்து, "இப்ப என்ன படிப்பிக்கினம்?" என்று கேட்பார். ஒன்றுமில்லையப்பா என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்புவேன். சில வாரம் கேட்டார், பிறகு விட்டுவிட்டார்.

வேலை விஷயமாகக் கலிபோர்னியாவுக்குப் போனபோது ஒருமுறை அந்தக் காட்டுக்குள் போய் நின்றேன். கோபத்தோடுதான் போனேன். பட்டையைத் தொட்டால் அதே தும்பு. மூடுபனி இலையிலிருந்து சொட்டிக் கழுத்துக்குள் விழுந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, வெளியே தெரிந்த வேர்கள்கூட அப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பாடத்தில் அவ்வளவு நேர்மையாக இருந்தவர் என்னிடம் ஏன் அப்படிச் செய்தார் என்று அந்த ஈரத்துக்குள் நின்று மீண்டும் கேட்டேன்.

இப்போது அப்பாவும் அம்மாவும் ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் எங்களோடு புது வீட்டில் இருக்கிறார்கள். யோகன் மாமா இல்லை, அவர் அலுமாரிப் பொன்னாடைகள் எந்தத் தோளில் கிடக்கின்றனவோ தெரியாது. பார்க்டேல் அடுக்குமாடி நடைபாதைக்குப் புதுக் கம்பளம் போட்டு, கதவுகளுக்கெல்லாம் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். அந்த வேட்டி பழுப்பேறி, கிழித்துத் துடைக்கும் துணியாகி, அதுவும் போய்விட்டது. என் பழைய குரலும் போய்விட்டது. தேங்காய் மட்டையைப் பற்றிக் கையைக் காலை ஆட்டிப் பேசிய அந்த ஆங்கிலத்தைத் தனியே இருக்கும்போது பேசிப் பார்த்திருக்கிறேன், வருவதில்லை, யாரையோ நக்கலடிப்பது போலத்தான் வருகிறது.

அப்பா இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அந்த வெள்ளைக்கார ரீச்சர் தங்கமான மனிசி" என்று அந்த மாலையைப் பற்றிச் சொல்வார். நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விடுவேன். போன கிழமை வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா இரண்டு தரம் பதில் சொன்னார், மறுபக்கத்திலிருந்து "பார்டன்?" என்று கேட்பது எனக்கே கேட்டது. மூன்றாம் தரம் அவர் முயலவில்லை. சிரித்தபடி தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"நீ கதை பிள்ளை," என்றார். "நீ சொன்னால்தான் அவைக்கு விளங்கும்."